ஸ்லைடர் கால்குலேட்டரில் கணக்கிட்ட மதிப்பை மறுபடி பயன்படுத்துவது எப்படி? கேள்வி-பதில்

ஸ்லைடரை இழுத்தால் விடை உடனே மாறும் கால்குலேட்டர்களைப் பற்றி இம்முறை நிறையக் கேள்விகள். மொழி வேறு, மென்பொருள் வேறு என்றாலும் எல்லாருக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான்: ஒரு மதிப்பைக் கணக்கிட்டாயிற்று, அதை அடுத்த கணக்குக்கு எங்கிருந்து எடுப்பது?

வீட்டுக்கடன் கால்குலேட்டரை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறேன். கடன், வட்டி, ஆண்டு என மூன்று ஸ்லைடர்கள். மாதத் தவணை சரியாக வருகிறது. ஆனால் அதை வைத்து மொத்த வட்டியைக் கணக்கிட்டால் மைனஸில் போகிறது. ஏன்?

தவணையைத் திரையில் எழுதிவிட்டு, மொத்த வட்டிக்காக அதே கட்டத்திலிருந்து திரும்பப் படிக்கிறீர்கள். அங்கேதான் கோளாறு. 10 லட்சம் ரூபாய், 9 சதவீதம், 20 ஆண்டு என்று வையுங்கள். தவணை 8,997.26 ரூபாய். கமா போட்ட அந்த எழுத்தை, எழுத்தை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனான பார்ஸ்ஃப்ளோட்டிடம் கொடுத்தால், அது கமாவைக் கண்டதும் நின்றுவிடும். கைக்கு வருவது வெறும் 8. அதை 240 மாதத்தால் பெருக்கினால் 1,920. அதிலிருந்து 10 லட்சத்தைக் கழித்தால் மைனஸ் 9,98,080.

கமாவை நீக்கிவிட்டுப் படிக்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். நாளைக்கே ரூபாய்க் குறியைச் சேர்ப்பீர்கள், அல்லது பைசாவை விட்டுவிட்டு 8,997 என்று காட்டுவீர்கள். அந்த முழு ரூபாயைப் பெருக்கினாலே மொத்த வட்டி 11,59,342க்குப் பதிலாக 11,59,280 என்று வரும். 62 ரூபாய் எங்கே போனது என்று தேடுவது, மைனஸ் விடையைத் தேடுவதைவிடக் கஷ்டம். ஏனென்றால் இது தப்பாகவே தெரியாது.

எல்லாக் கணக்கையும் ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவாருங்கள்:

மாதவட்டி = ஆண்டுவட்டி / 1200
மாதங்கள் = ஆண்டுகள் * 12
பெருக்கம் = (1 + மாதவட்டி) ** மாதங்கள்
தவணை = கடன் * மாதவட்டி * பெருக்கம் / (பெருக்கம் - 1)
மொத்தவட்டி = தவணை * மாதங்கள் - கடன்

(** என்றால் அடுக்கு.) 'பெருக்கம்' ஒருமுறைதான் கணக்கிடப்படுகிறது. தவணைச் சூத்திரத்தில் இரண்டு இடத்தில் பயன்படுகிறது. 'தவணை' முழுத் துல்லியத்தோடு அடுத்த வரிக்குப் போகிறது. இந்த மதிப்புகளை ஒரே ஆப்ஜெக்டாகத் திருப்பி அனுப்புங்கள். கமா, ரூபாய்க் குறி, பைசாவைச் சுருக்குவது எல்லாம் திரையில் எழுதும் ஃபங்ஷனின் வேலை. (ஜாவாஸ்கிரிப்ட் மாறிகளுக்கு இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சூத்திரம் சட்டென்று பிடிபடும்.)

வட்டி ஸ்லைடரை 0 வரை இழுத்தால் தவணை இருக்கும் இடத்தில் எண்ணே வருவதில்லை.

வட்டி 0 என்றால் பெருக்கம் 1. மேலேயும் 0, கீழேயும் 0. வட்டியில்லாக் கடனுக்குத் தவணை, கடனை மாதங்களால் வகுத்தால் வருவது. அதற்கு ஒரு தனி 'இஃப்' போடுங்கள், போதும்.

ஆண்டு ஸ்லைடர் 20இல் இருக்கிறது. ஓர் ஆண்டு கூடினால் என்ன ஆகும் என்று காட்ட 1 கூட்டினேன். 201 வருகிறது!

ஸ்லைடரின் 'வேல்யூ' எப்போதும் எண்ணாக இல்லாமல் எழுத்துச்சரமாகத்தான் வரும். சரத்தோடு 1ஐக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். பெருக்கல், கழித்தல், வகுத்தலில் ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக மாற்றிக்கொள்வதால் 20 * 12 சரியாக 240 வந்திருக்கும். அதனால்தான் இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை. 'வேல்யூஆஸ்நம்பர்' என்பதைப் படியுங்கள். படிக்கும் இடத்திலேயே எண்ணாக்கிவிட்டால் பிறகு எங்கேயும் கவலை வேண்டாம்.

மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருளில், ஸ்லைடர் வைக்கும் மேனிபுலேட் கட்டளையின் உள்ளே ஓர் இடைநிலை மதிப்பைக் கணக்கிட்டு, இரண்டு வரைபடங்களுக்குப் பயன்படுத்துகிறேன். ஸ்லைடரைத் தொடாமலே மறுபடி மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது.

மேனிபுலேட் தனக்குள் நேரடியாகத் தெரியும் பெயர்களைக் கண்காணிக்கும். நீங்கள் உள்ளேயே ஒரு பெயருக்கு மதிப்பு கொடுக்கும்போது, 'ஏதோ மாறிவிட்டது' என்று அது மறுபடி ஓடுகிறது; ஓடினால் மறுபடி மதிப்பு மாறுகிறது. அந்த இடைநிலை மாறியை மாட்யூல் ஒன்றுக்குள் உள்மாறியாக அறிவியுங்கள். அல்லது டிராக்ட்சிம்பல்ஸ் என்ற தெரிவில் ஸ்லைடர் மாறிகளை மட்டும் கொடுங்கள். நான் முதலாவதையே சொல்வேன். உள்ளே பிறந்த மதிப்பு உள்ளேயே இருந்தால், அதே பெயரை நோட்புக்கின் வேறு மூலையில் பயன்படுத்தினாலும் மோதாது.

ஜூப்பிட்டர் என்ற பைத்தான் நோட்புக்கில் இன்டராக்ட் கட்டளை போட்டு ஸ்லைடர் வைத்தேன். அது கணக்கிட்ட மதிப்பு அடுத்த செல்லில் கிடைக்கவில்லை.

ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறி வெளியே வராது. அதை 'குளோபல்' (எங்கிருந்தும் தெரியும் மாறி) ஆக்காதீர்கள். ஃபங்ஷன் மதிப்பை 'ரிட்டர்ன்' செய்யட்டும். இன்டராக்ட்டுக்குப் பதில் இன்டராக்டிவ் பயன்படுத்துங்கள். அது தரும் ஆப்ஜெக்டின் 'ரிசல்ட்' என்ற பண்பில் கடைசி விடை இருக்கும். ஆனால் ஸ்லைடரை நகர்த்தினால் அடுத்த செல் தானாக மாறாது, அதை நீங்கள்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.

கடனை இழுத்தால் தவணை மாற வேண்டும்; தவணையை இழுத்தால் கடன் மாற வேண்டும். டெஸ்மாஸ் என்ற இணைய வரைபடக் கால்குலேட்டரில் முயன்று முடியவில்லை. முடியுமா?

டெஸ்மாஸில் ஒரு மாறியைச் சூத்திரத்தால் வரையறுத்துவிட்டால் அது ஸ்லைடராக இருக்காது. இரண்டையும் ஒன்றையொன்று சார்ந்ததாக எழுதினால் சுழல் என்று மறுத்துவிடும். அது மறுப்பதும் நியாயம்தான்: எது உள்ளீடு, எது விடை என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜாவாஸ்கிரிப்டில் செய்யலாம். கடைசியாக எந்த ஸ்லைடர் நகர்ந்ததோ அது உள்ளீடு. தவணை நகர்ந்தால், கடன் = தவணை * (பெருக்கம் - 1) / (மாதவட்டி * பெருக்கம்). பழைய 'பெருக்கம்' இங்கேயும் அப்படியே உதவுகிறது. நிரல் வழியாக ஸ்லைடரை நகர்த்தினால் 'இன்புட்' நிகழ்வு எழாது, அதனால் முடிவில்லாமல் சுற்றாது.

ஓர் இடத்தில் மட்டும் கவனம். தவணை 9,000 என்று இழுத்தால், மேலே சொன்ன வட்டிக்கும் காலத்துக்கும் கடன் சுமார் 10,00,305 ரூபாய். கடன் ஸ்லைடரின் 'ஸ்டெப்' (ஒரு நகர்வின் அளவு) 10,000 என்றால் அது 10,00,000இல் போய் ஒட்டிக்கொள்ளும். மொத்த வட்டிக்குக் கடனை ஸ்லைடரிலிருந்து படித்தால் அந்த 305 ரூபாய் தப்பாகச் சேர்ந்துவிடும். ஆகவே ஸ்லைடரின் குமிழ் எங்கே நின்றாலும் சரி, கணக்கில் வந்த கடனைத் தனி மாறியில் வைத்துக்கொண்டு, திரைக்கும் அடுத்த கணக்குக்கும் அதையே கொடுங்கள்.