அணுமின் நிலையத்தில் நன்றாக இருக்கும் கருவியை ஏன் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள்?

அவசரத்துக்கென வைத்திருக்கும் டீசல் ஜெனரேட்டர், பம்ப், வால்வு எல்லாவற்றையும் குறித்த நாளில், எழுதிவைத்த ஒழுங்கின்படி இயக்கிப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. சும்மா நிற்கிற இயந்திரத்தின் பழுது வெளியே தெரியாது, அவ்வளவுதான் காரணம். யாழ்ப்பாணத்துக் கலியாண மண்டபக்காரர் முகூர்த்தத்துக்கு முதல்நாளே ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பார்ப்பார் இல்லையா, அதுபோல.

ஆனால் ஓடினால் மட்டும் போதாது. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து தொடங்கியபோது அவசரப் பம்புகள் ஓடின, தண்ணீர் போகவில்லை. இரண்டு நாள் முன்பு சோதனைக்காக மூடிய வால்வுகள் மூடியே கிடந்தன, 8 நிமிடம் கழித்துத்தான் கவனித்தார்கள். (விபத்தைப் பெரிதாக்கியது வேறொரு வால்வு, அது தனிக்கதை.) அதனால்தான் 'பழையபடி திறந்தாயிற்று' என்பதை இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்து வைப்பது.

அடிக்கடி சோதித்தால் உலையில் ஏதோ கோளாறு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கோளாறே இல்லாத நிலையத்திலும் இது அட்டவணைப்படி நடக்கும்.