சாம்பாரில் புரதம் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது, எடை 55 கிலோ, சுத்த சைவம். 'தினமும் சாம்பார் சாப்பிடுகிறேனே, அதிலேயே புரதம் வந்துவிடும்' என்கிறார். என் மகனோ பாட்டிக்கு புரோட்டீன் பவுடர் வாங்கலாம் என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: ரெண்டு பேருமே பாதி சரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும், அதாவது உங்கள் அம்மாவுக்குச் சுமார் 46 கிராம். துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் இருப்பது உண்மைதான், ஆனால் நம் வீட்டு சாம்பாரில் ஒரு கரண்டிக்கு 10 கிராம் பருப்பு இருந்தாலே பெரிசு, மீதி தண்ணீரும் புளியும் முருங்கைக்காயும்தானே! அதில் கிடைப்பது 2 கிராம் சொச்சம்.

வயதாக ஆகத் தசை கரையும், தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடியும், அதனால் இதை அலட்சியமாக விடாதீர்கள். சாம்பாரைக் கெட்டியாக வையுங்கள். சாயங்காலம் சுண்டல், 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்தால் 10 கிராம் புரதம் ஆச்சு. பால், தயிர் சேர்ந்து 300 மில்லி என்றால் இன்னொரு 10. அப்புறம், புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னக் கூறுகளால் ஆனது. அவற்றில் அரிசியில் குறைவான லைசின் பருப்பில் நிறைய உண்டு, பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. அதனால் பருப்புச் சாதத்தைக் குறைத்து எடை போடாதீர்கள்.

பவுடர் இப்போதைக்கு வேண்டாம். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.