1870 முதல் இன்றுவரை பல நாடுகளின் விலைவாசி, வட்டி, நாணய மாற்றுப் புள்ளிவிவரங்களை ஆராய்ச்சிக்காக எங்கே, எப்படித் திரட்டுவது?

இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் நான்குக்கும் 1870லிருந்து தேசிய வருமானம், விலைவாசி, வட்டி, நாணய மாற்று வேண்டும், இருப்பது தண்டையார்பேட்டையில், கல்லூரியில் கட்டணத் தரவுத்தளம் எதுவும் கிடையாது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியா தவிர்த்த மூன்று நாடுகளுக்கும் ஒரு மாலைப்பொழுது போதும். இந்தியாவுக்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். நேரத்தை அதற்கேற்றபடி பிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் முதலில் போய் நிற்கிற இடம் உலக வங்கியின் தளம். அங்கே 1960க்கு முன்னால் எதுவும் இல்லை. நாடுகளின் வருமானத்தை ஒப்பிடும் பென் வேர்ல்டு டேபிள் என்ற தொகுப்பு 1950ல் ஆரம்பம். ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நிதியம்) தரவு 1948ஐத் தாண்டிப் பின்னால் போகாது. உங்கள் கேள்விக்கு இவை கடைசி அறுபது எழுபது ஆண்டுகளை நிரப்ப மட்டுமே உதவும்.

முதலில் இறக்க வேண்டியது ஜோர்டா, ஷுலரிக், டெய்லர் மூவரும் தொகுத்த மேக்ரோஹிஸ்டரி டேட்டாபேஸ். இலவசம். 18 நாடுகள், 1870 முதல், ஆண்டுக்கு ஒரு வரி. குறுகிய கால வட்டி, நீண்ட கால வட்டி, விலைக் குறியீடு, வங்கிக் கடன், நாணய மாற்று, நெருக்கடி ஆண்டுகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் மூன்றும் அதில் உண்டு. இந்தியா இல்லை. பிரிட்டனுக்கு மட்டும் இன்னும் ஆழமாகப் போக பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆயிரமாண்டு எக்செல் ஃபைல் இருக்கிறது; அது 2016 வரை வருகிறது. அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு ராபர்ட் ஷில்லர் 1871 முதல் மாதவாரியாகத் தருகிறார். முதல் உலகப் போருக்கு முன்னும் பின்னும் மாதவாரி எண்கள் வேண்டுமென்றால் அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் செயின்ட் லூயிஸ் கிளை நடத்தும் ஃப்ரெட் தளத்தில், என்.பி.இ.ஆர். என்ற அமெரிக்கப் பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் மேக்ரோஹிஸ்டரி தொகுப்பைத் தேடுங்கள். அதில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி தொடர்களும் கிடைக்கும்.

தேசிய வருமானத்துக்கு, பொருளாதார வரலாற்றறிஞர் ஆங்கஸ் மேடிசன் பெயரிலான மேடிசன் திட்டம், நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத் தளத்தில். இந்தியாவும் அதில் உண்டு. ஆனால் அங்கேதான் முதல் பள்ளம். மேடிசனின் பழைய அட்டவணைகள் 1990 டாலரில், அதாவது 1990ன் விலைமட்டத்தில் இருக்கும். 2018, 2020, 2023 பதிப்புகள் 2011 டாலரில். இணையத்தில் இரண்டுமே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாட்டைப் பழையதிலிருந்தும் இன்னொன்றைப் புதியதிலிருந்தும் எடுத்தால் ஒப்பீடு முழுக்கத் தப்பாகிவிடும், படத்தைப் பார்த்தால் தெரியவும் தெரியாது. இன்னொன்று: தொடக்கக் காலத்தில் சில ஆண்டுகளுக்குத்தான் மதிப்பீடு இருக்கும், நடுவே காலி. அந்தக் காலியிடத்தை நேர்கோடு போட்டு நிரப்பிவிட்டு ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடாதீர்கள். 1876-78 பஞ்சம் உங்கள் தரவில் நடக்காமலே போய்விடும்.

2025ல் குளோபல் மேக்ரோ டேட்டாபேஸ் என்று ஒன்று வந்திருக்கிறது. பல மூலங்களைச் சேர்த்து ஒட்டித் தருகிறது, இந்தியாவும் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று பார்க்க நல்ல இடம். ஆனால் ஒட்டிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வராதீர்கள். எந்த ஆண்டு எந்த மூலத்திலிருந்து வந்தது என்ற விவரத்தையும் சேர்த்து எடுங்கள்.

இனி இந்தியா. 1840 தொடங்கி 1920 வரையிலான பிரிட்டிஷ் இந்தியப் புள்ளிவிவரச் சுருக்கங்கள் (அரசு அச்சிட்ட அட்டவணைத் தொகுப்புகள்) சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் சவுத் ஏஷியா லைப்ரரியில் இருக்கின்றன. அங்கே கிடைக்காதது பல நேரம் புனே கோகலே நிறுவன நூலகத்தின் ஸ்கேன் தொகுப்பில் கிடைக்கும். இந்த இரண்டாவது இடம் பலருக்குத் தெரிவதில்லை. பணம், வட்டி, வங்கி எண்களுக்கு ரிசர்வ் வங்கி 1954ல் வெளியிட்ட வங்கி, நாணயப் புள்ளிவிவரத் தொகுப்பு. சுதந்திரத்துக்குப் பின், அதே வங்கியின் ஆண்டுக் கையேடு.

பழைய சுருக்கங்களைத் திறந்ததும் அலகைப் பாருங்கள். எண்ணைப் பிறகு பார்க்கலாம். ஒரு காலகட்டத்தில் இந்தியக் கணக்கைப் பவுண்டில் அச்சிட்டார்கள், ஆனால் அது சந்தை விகிதப் பவுண்டு அல்ல. 10 ரூபாய்க்கு ஒரு பவுண்டு என்று வைத்துக்கொண்ட ஏட்டுப் பவுண்டு. பிறகு அதையே ஆர்.எக்ஸ். என்று அச்சிட்டார்கள், ஒரு ஆர்.எக்ஸ். என்றால் 10 ரூபாய். நூற்றாண்டின் முடிவில் 15 ரூபாய்க்கு ஒரு பவுண்டு என்று மாறியது. நடுவில் வெள்ளி விலை சரிந்ததால் 2 ஷில்லிங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்த ரூபாய், 1890களின் தொடக்கத்தில் 15 பென்ஸுக்கு வந்துவிட்டது. அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 240 பென்ஸ் ஒரு பவுண்டு. 15 பென்ஸ் விகிதத்தில் 10 ரூபாய் என்பது 150 பென்ஸ், அதாவது 0.625 பவுண்டு. ஏட்டுப் பவுண்டை நிஜப் பவுண்டு என்று எடுத்தால் இந்திய எண் 60 சதவீதம் வீங்கி நிற்கும். ஆகவே மூலத்தில் பவுண்டு இருந்தால் அதே ஏட்டு விகிதத்தில் ரூபாய்க்குத் திருப்புங்கள். பிறகு அந்த ஆண்டின் சந்தை விகிதத்தில் பவுண்டாக்குங்கள்.

நாணய மாற்றில் சில தேதிகளை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. 1893 ஜூனில், பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபாய் நாணயம் அடித்துக்கொள்ளும் வசதி மூடப்பட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஒரு ரூபாய்க்கு 16 பென்ஸ். 1920ல் 2 ஷில்லிங்குக்கு ஏற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. 1927 முதல் 18 பென்ஸ், அதாவது பவுண்டுக்கு 13.33 ரூபாய். 1949 செப்டம்பரில் டாலர் 3.31லிருந்து 4.76 ரூபாய் ஆனது. 1966 ஜூன் 6ல் 7.50. இந்தக் கடைசி ஆண்டைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைலில் 1966க்கு 7.50 இருந்தால் அது ஆண்டு இறுதி விகிதம், 6.3 சுற்றி இருந்தால் ஆண்டுச் சராசரி. 7ஐ ஒட்டி இருந்தால் யாரோ நிதியாண்டுச் சராசரியைப் போட்டிருக்கிறார்கள். மூன்றும் சரியான எண்கள்தான், கலந்தால்தான் தப்பு. நிதியாண்டை நாள்காட்டி ஆண்டாக்க, 1925க்கு 1924-25ல் கால் பங்கு, 1925-26ல் முக்கால் பங்கு என்று எடுக்கிற வழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் தொடர் சற்று மழுங்கும் என்பதையும் குறித்துவையுங்கள்.

விலைவாசிக்கு இந்தியாவில் ஒரே தொடர் கிடையாது. 1861லிருந்து 1931 வரை 1873=100 (அதாவது 1873ன் விலையை 100 என்று வைத்த) அரசு வெளியீடு, 1914 ஜூலை=100 என்ற கல்கத்தா மொத்த விலைக் குறியீடு, 1939 ஆகஸ்ட்=100, பிறகு அடிப்படை ஆண்டு மாறி மாறி 1952-53, 1961-62, 1970-71, 1981-82, 1993-94, 2004-05, 2011-12. இரண்டு தொடரும் சேர்ந்து ஓடுகிற ஆண்டுகளில் புதியதைப் பழையதால் வகுத்து வரும் காரணியால் பழையதைப் பெருக்க வேண்டும். ஒரே ஒரு ஆண்டில் ஒட்டாதீர்கள்; மூன்று நான்கு ஆண்டு சேர்ந்து ஓடினால் சராசரி எடுங்கள். போர்க்கால ஆண்டுகளில் ஒட்டவே கூடாது. அப்போது கட்டுப்பாட்டு விலை ஒன்று, கள்ளச் சந்தை விலை வேறு. குறியீட்டில் ஏறியது பெரும்பாலும் முதலாவது. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு அரசே இணைப்புக் காரணி தருகிறது: 1960லிருந்து 1982க்கு 4.93, 1982லிருந்து 2001க்கு 4.63, 2001லிருந்து 2016க்கு 2.88. எனவே 2016 அடிப்படையில் 100 என்பது 1982 அடிப்படையில் 1333.44. இவை அகில இந்தியக் காரணிகள், சென்னைக்கு வேறு. இதைக் கலப்பவர்கள் நிறைய.

வட்டியில் ரிசர்வ் வங்கிக்கு முன் தேசிய விகிதம் என்று ஒன்று இல்லை. 1935 வரை இம்பீரியல் வங்கி, 1921க்கு முன் வங்காளம், பம்பாய், சென்னை மாகாண வங்கிகள் மூன்றும் தனித்தனியாக. ராஜாஜி சாலையில் இன்று ஸ்டேட் பேங்க் இருக்கும் சிவப்புக் கட்டடம் அந்த பேங்க் ஆஃப் மெட்ராஸுடையது. அறுவடை முடிந்து சரக்கு நகரும் மாதங்களில் வட்டி ஏறும், மழைக்காலத்தில் இறங்கும். ஆண்டுச் சராசரியில் இது மறைந்துவிடும், முடிந்தால் மாத எண்ணைப் பிடியுங்கள். நீண்ட கால வட்டிக்கு 3½ சதவீத அரசுப் பத்திரம்: விலை 70 என்றால் வருவாய் 3.5ஐ 70ஆல் வகுத்து 5 சதவீதம்.

எல்லை மாற்றத்தை மறக்காதீர்கள். 1937 ஏப்ரல் 1ல் பர்மா பிரிந்ததும், நேற்றுவரை உள்நாட்டு வணிகமாக இருந்த பர்மா அரிசி இறக்குமதிக் கணக்கில் ஏறியது. அந்த ஆண்டு இறக்குமதி துள்ளுவதற்குக் காரணம் தேடிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள். 1947க்கும் இதே எச்சரிக்கை.

எக்செல் 1900 ஜனவரி 1க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போது எல்லாம் கலையும். ஆண்டு, மாதம் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எண்ணாகவே போடுங்கள். ஸ்கேனிலிருந்து எடுக்கும் எண்களில் 3ம் 8ம், 1ம் 7ம் இடம் மாறும். பத்தியின் அடியில் அச்சிட்ட கூட்டுத்தொகையோடு உங்கள் கூட்டலை ஒப்பிட்டாலே பாதிக்கு மேல் பிடிபடும். இறக்கிய ஃபைலைத் தொடாமல் ஒரு ஷீட், வேலைக்கு இன்னொரு ஷீட்.

சென்னை மாகாணக் கடல் வணிக அறிக்கைகள் மாதிரி இணையத்தில் அகப்படாதவற்றுக்கு எழும்பூர்தான். தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையம். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத் துறைத் தலைவரின் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். கன்னிமாரா நூலகமும் பக்கத்தில்தான். எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வராமல் அட்டவணைத் தலைப்பு, அலகு, அடிக்குறிப்பு, பக்க எண் நான்கையும் சேர்த்து எழுதுங்கள். அரசுச் சரக்கும் தங்கம், வெள்ளியும் கணக்கில் உண்டா இல்லையா என்பது அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும்.