குழந்தை சைக்கிளின் ஹேண்டில்பார் இறுகிவிட்டது, எண்ணெய் விட்டும் சரியாகவில்லை. புதிது வாங்கிவிடலாமா?

கேட்டவர் ராயபுரத்துக்காரர். மகனுடைய 16 இஞ்ச் சைக்கிள் ஒரு வருடமாக மாடிப்படிக்குக் கீழே கிடந்ததாம். இப்போது ஹேண்டில்பாரைத் திருப்பினால் கரகரவென்று பாதியிலேயே நின்றுவிடுகிறதாம். மேலே தேங்காய் எண்ணெய் விட்டும் பார்த்திருக்கிறார்.

வாங்க வேண்டாம். பிரேமும் சக்கரமும் நன்றாக இருந்தால் இது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. ஆனால் சரிசெய்யும்வரை பையனை அதில் ஏற்றாதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் மகள்.

நாங்கள் இருப்பது காலடிப்பேட்டையில், கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பி, கேட் கொண்டி, கேஸ் அடுப்பின் கால் என்று எதையும் உப்புக் காற்று விட்டுவைக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கீழ்த்தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. மகளின் சைக்கிளும் அதிலேயே நின்றது. வடிந்ததும் துடைத்தேன், செயினுக்கு எண்ணெய் போட்டேன், அத்தோடு விட்டுவிட்டேன். அடுத்த மே மாத லீவில் பக்கத்துச் சின்னச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஓட்டப் பழக்கினேன். நாலடி போவாள், விழுவாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. "இவ்ளோ பயந்தா எப்படிடி கத்துக்குவ?" என்றார் என் அம்மா. நானும் "நேராப் பாரு, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

"அப்பா, அது திரும்ப மாட்டேங்குதுப்பா" என்று அவள் மூன்று நாள் சொன்னாள். மூன்று நாளும் அதைச் சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன். நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். நாலாம் நாள் சைக்கிளை உள்ளே தூக்கி வைக்கும்போதுதான் ஹேண்டில்பாரில் கை பட்டது. பிடித்ததுமே புரிந்துவிட்டது. அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

ஓடுகிற சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தால் முன்சக்கரமும் கொஞ்சம் இடது பக்கம் திரும்பும். சக்கரம் சாய்ந்த பக்கமே ஓடி, விழப்போகிற உடம்புக்கு அடியில் போய்த் தாங்கும். ஓட்டும் நேரமெல்லாம் இது நடந்துகொண்டே இருக்கிறது, பழகிய நமக்குத் தெரிவதில்லை. கழுத்து, அதாவது ஹேண்டில்பார் பிரேமுக்குள் இறங்கித் திரும்பும் இடம், இறுகிய சைக்கிளில் இந்தச் சின்னத் திருப்பம் நடக்காது. குழந்தை பலத்தையெல்லாம் கூட்டித் திருப்பினால் வேண்டியதற்கு மேல் திரும்பிவிடும். இரண்டிலும் விழத்தான் வேண்டும்.

உங்கள் சைக்கிள் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, சீட்டை மட்டும் பிடித்துக்கொண்டு தள்ளி நடங்கள். சைக்கிளை லேசாகச் சாய்த்தால் ஹேண்டில்பார் தானாகச் சாய்ந்த பக்கம் திரும்ப வேண்டும். அடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரே விரலால் ஹேண்டில்பாரைத் தள்ளுங்கள். தூக்கியபோது லேசாகத் திரும்பி, கீழே வைத்ததும் திருப்பக் கனமாக இருந்தால் டியூபில் காற்று இல்லை, அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பிரேக் ஒயர் எங்கோ மாட்டியிருக்கிறது. கரகரவென்றால் கழுத்துக்குள் உருளும் இரும்புக் குண்டுகள், கடைக்காரர்கள் சொல்லும் பால் (ball), துருப்பிடித்துவிட்டன. நேராக வரும் இடத்தில் மட்டும் டக்கென்று பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால், கழுத்தின் மேலும் கீழும் பால் உட்காரும் கிண்ணமான கப்பில் பால் குழி போட்டுவிட்டது. குழி விழுந்த கப்புக்குக் கிரீஸ் உதவாது, செட்டையே மாற்ற வேண்டும்.

தேங்காய் எண்ணெயை மறந்துவிடுங்கள். மேலே விட்ட எண்ணெய் கீழ்க் கப்புக்குச் சரியாகப் போய்ச் சேராது, தெருப் புழுதியைத்தான் இழுத்துப் பிடிக்கும். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும் பொருள் வேறு. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே இறுகிய நட்டைக் கழற்ற உதவும், கிரீஸ் செய்யும் வேலையை அது செய்யாது.

இனி கழற்றுவது. முன்பிரேக் ஒயரை விடுவியுங்கள். ஹேண்டில்பார் கம்பியின் நடுவில் மேலே ஒரு நீள போல்ட் இருக்கும். அதை முழுதாகக் கழற்றாமல் நாலு சுற்று மட்டும் தளர்த்தி, தலைமேல் மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடும். இறுக்கிய ஆப்போடு இழுத்தால் ஆயுளுக்கும் வராது. ஹேண்டில்பாரை உருவிய பிறகு மேல் நட்டு, வாஷர், மேல் பாலை அழுத்திப் பிடிக்கும் திருகு வளையமான கோன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசையாகத் தரையில் அடுக்கிப் போட்டோ எடுத்துவையுங்கள். பால்கள் தகட்டு வளையத்தில் கோத்திருந்தால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதும் போட்டோவில் தெரியட்டும். அதைத் தலைகீழாகப் போட்டால் தகடு உரசி மறுபடியும் இறுகும். கடைசியாகக் கோன் கழலும்போது, முன்சக்கரம் மாட்டியிருக்கும் கவட்டையை (போர்க்) கையால் தாங்கிக்கொள்ளுங்கள். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால் பால் உருண்டு ஓடாது.

நான் திறந்தபோது மேல் கப் ஓரளவு பரவாயில்லை. கீழ்க் கப்பில் பாலும் துருவும் ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரெல்லாம் நேராக அங்கேதானே போகிறது. டீசலில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிட்டேன். கப் வழவழவென்று இருந்தது, தப்பித்தது.

பழைய பால் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். துருப்பிடித்ததையும் புதிதையும் கலந்து போடாதீர்கள். எங்கள் தெருமுனை சைக்கிள் கடை பாய் என் பாலைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கடல்ல இருந்து எட்தாந்தியா?" என்றார். பாலும் கிரீஸும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வண்டி வீல் பேரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸ் போதும். இரண்டு கப்பிலும் தாராளமாக அப்புங்கள். கடல் பக்கத்தில் இருக்கிற நமக்கு அந்தக் கிரீஸ்தான் உப்புத் தண்ணீரை உள்ளே விடாமல் காக்கிறது. ஹேண்டில்பார் கம்பியிலும் உள்ளே போகிற பகுதிக்கு லேசாகத் தடவினால் அடுத்த தடவை சுலபமாக வரும்.

இறுக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோனைக் கையாலேயே திருகி, பாலைத் தொட்டதும் கொஞ்சம் பின்னுக்கு விடுங்கள். பிறகு கோனை ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை இறுக்குங்கள். நட்டு இறுகும்போது கோனும் கொஞ்சம் அழுந்தும், அந்த இடம் அதற்காகத்தான். ஹேண்டில்பார் கம்பியில் கோடு போட்டிருந்தால் அந்தக் கோடு உள்ளே மறையும்வரை இறக்க வேண்டும். இறக்கி போல்ட்டை இறுக்கிய பின் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முறுக்கிப் பாருங்கள், வழுக்கக் கூடாது. முன்பிரேக் ஒயரையும் திரும்ப மாட்டி, பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பையன் ஏறலாம்.

அன்று மாலை என் மகள் காலடிப்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க ஒரே மூச்சில் போனாள். நான் பின்னால் ஓடவே இல்லை.

ஒரு வாரம் ஓடியதும் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கழுத்தில் டக் டக் என்று ஆடினால் புதுப் பால் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். மேல் நட்டைத் தளர்த்தி, கோனை ஒரு இம்மி இறுக்கி, நட்டை மறுபடி பூட்டிவிடுங்கள்.