மெஷின் இல்லாத காலத்தில் கருங்கல்லை எப்படி உடைத்தார்கள்?

திருகோணமலைப் பக்கம் பாறை விளிம்புகளில் வரிசையாகச் சின்னக் குழிகளைப் பார்த்ததாகச் சொல்லி, அவை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அவை ஆப்புக் குழிகள்.

கல்லுக்கு ஒரு வாட்டம் உண்டு, அதாவது அது எளிதாகப் பிளக்கும் திசை. அனுபவமுள்ளவர் அதைப் பார்த்துக் கோடு போடுவார். ஒருவர் உளியைப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் திருப்புவார். மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். திருப்பாவிட்டால் உளி இறுகிவிடும். பிடிப்பவரின் கை முழுக்க அடிப்பவரின் குறியை நம்பித்தான் இருந்தது. குழிகள் ஆனதும் இரும்பு ஆப்புகளை வைத்து, வரிசையாக, மாறி மாறி, மெதுவாகத் தட்டுவார்கள். ஆப்பின் சத்தம் மாறும். சற்று நேரத்தில் கல் கோட்டோடு பிளக்கும். அப்புறம் அலவாங்கால் நெம்பிப் புரட்டுவார்கள்.

கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். அதனால் கொல்லன் உலை பக்கத்திலேயே வேண்டும்: காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்ற. பதம் கூடினால் முனை உடையும், குறைந்தால் மடங்கும். என்னைக் கேட்டால், கொல்லன்தான் அந்த வேலையின் உயிர்.

வெடிமருந்து வந்ததும் வேலை வேகமானது, ஆபத்தும் கூடியது. ஆனால் அதிகம் பேரை மெதுவாகக் கொன்றது கல்தூசி. நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியே வராது.

1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். அந்தக் கற்களிலும் இப்படிப்பட்ட கைகளின் உழைப்புதான் இருக்கிறது.