அங்கன்வாடி சத்துமாவும் மகப்பேறு நிதியும் தாய்க்கும் குழந்தைக்கும் உண்மையில் எந்த அளவுக்கு உதவுகின்றன? முழுப் பலனையும் வாங்க என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துச் சொல்கிறேன். காகிதத்தில் இருக்கும் அளவுகள் நன்றாகவே இருக்கின்றன. ஓட்டை விழுவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: பதிவு செய்யும் தேதி, பேங்க் கணக்கு, அப்புறம் வீட்டு அடுப்பு.

அளவுகளை 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமே எழுதி வைத்தது. 2023-இல் அந்தப் பட்டியலைத் திருத்தினார்கள்; முதலில் எழுதியது இது. கர்ப்பிணிக்கும், பிரசவமாகி 6 மாதம் வரை தாய்க்கும் நாளொன்றுக்கு 600 கலோரி, 18–20 கிராம் புரதம். 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு 500 கலோரி, 12–15 கிராம் புரதம். எடை மிகவும் குறைந்த குழந்தைக்கு 800 கலோரி. சின்னக் குழந்தைக்கும் தாய்க்கும் இதை வீட்டுக்கு மாவாகக் கொடுக்கிறார்கள். 2 வயதைத் தாண்டியவர்களுக்கு மையத்திலேயே சூடான சாப்பாடு, வாரம் 3 முட்டை. வருமானச் சான்று எதுவும் தேவையில்லை. அந்தப் பகுதியில் குடியிருக்கும் யாரும் பதிந்துகொள்ளலாம். வசதியுள்ள வீடுகள் கூச்சப்பட்டே போவதில்லை என்பது வேறு விஷயம்.

கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம், வைட்டமின் கலவை எல்லாம் சேர்ந்தது சத்துமாவு. இந்த மாதிரி மாவில் 100 கிராமுக்குத் தோராயமாக 370 கலோரி என்று வையுங்கள். கர்ப்பிணிக்கான 600 கலோரி வர 160 கிராமாவது வேண்டும். மாதம் 25 நாள் கணக்குக்கு 4 கிலோ. இந்த 4 கிலோவும் ஒரே ஒருத்திக்கு. மாமனாருக்கு ஒரு டம்ளர், ஸ்கூல் போகும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உருண்டை என்று பிரித்தால் பத்து நாளில் பாக்கெட் காலி. அவள் பங்குக்கு வந்தது ஒரு வேளைக் கஞ்சிதான். அங்கன்வாடி ஊழியர் வீட்டுக்கு வந்தால் மாமியார் இருக்கும்போதே இதைச் சொல்லச் சொல்லுங்கள். மருமகள் சொல்லி எடுபடாதது அவர் சொன்னால் எடுபடும்.

குழந்தைக் கஞ்சியில் நடக்கும் தப்பு இதைவிடப் பெரிது. 7 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மில்லிதான் பிடிக்கும். அதில் ஒரு ஸ்பூன் மாவைக் கரைத்தால், 10 கிராம் என்று வைத்தாலும், கிடைப்பது 40 கலோரிக்குள். வயிறு நிரம்பிக் குழந்தை தூங்கிவிடும், எடை மட்டும் ஏறாது. அதே 200 மில்லியில் 40 கிராம் போட்டால் 150 கலோரி ஆகிறது. அரை ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் இன்னும் 20 சேரும். ஸ்பூனைச் சாய்த்தால் கஞ்சி ஒழுகக் கூடாது, மெதுவாகச் சரிந்து விழ வேண்டும். அதுதான் பதம்.

"கெட்டியாக இருந்தால் துப்புகிறானே" என்பார்கள். அதற்கு வழி முளைகட்டிய கேழ்வரகு. கேழ்வரகை ஊறவைத்து, முளை விட்டதும் காயவைத்து, வறுக்காமல் அரைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக் கஞ்சியை இறக்கிச் சற்று ஆறியதும் இதில் அரை ஸ்பூன் கலந்து கிண்டினால் ஓரிரு நிமிடத்தில் தளர்ந்துவிடும். முளையில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வரும் விளைவு. தண்ணீர் ஊற்றாமலே கஞ்சி இளகுகிறது, கலோரி குறைவதில்லை. வறுத்தாலோ, கொதிக்கும்போதே போட்டாலோ நொதி செத்துவிடும். இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள், முளைதானிய மாவில் கிருமி இருக்கலாம்.

பணத்துக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் என்பார்கள். கைக்கு வரும் ரொக்கம் 14,000. மீதி தலா 2,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 2024-இல் தவணைகளை மூன்றாகக் குறைத்தார்கள்: கர்ப்பத்தின் 4-ஆம் மாதம் 6,000, குழந்தை பிறந்து 4-ஆம் மாதம் 6,000, 9-ஆம் மாதம் 2,000. பெட்டகம் கர்ப்பத்தின் 3-ஆம், 6-ஆம் மாதங்களில். முதல் குழந்தைக்கு மத்திய அரசு தரும் 5,000 இந்த 14,000-க்குள்ளேயே அடங்கிவிடுகிறது, தனியாக எதிர்பார்க்க வேண்டாம். 19 வயது நிறைந்திருக்க வேண்டும், இரண்டு பிரசவம் வரைதான். 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்து 12 இலக்க பிக்மி எண்ணை (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் பின்னால் அதையே கேட்பார்கள்.

பணம் வராமல் நிற்கும் காரணங்கள் அநேகமாக ஒன்றுபோலத்தான். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல். இல்லையென்றால் நூறு நாள் வேலைக்காக என்றோ திறந்து மறந்துபோன கணக்கில் ஆதார் இணைந்திருக்கும். ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக ஆதாரை இணைத்த கணக்கைத் தேடிப் போகும். நீங்கள் கொடுத்த பாஸ்புக்கைப் பார்க்காது. "பணம் வரவில்லை" என்று சண்டைக்குப் போவதற்கு முன் பழைய கணக்கில் ஒரு தடவை என்ட்ரி போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம், ஏழாம் மாதத்தில் தாய்வீடு போகும்போது மாவு விட்டுப்போகிறது. அங்கன்வாடி ஊழியர் பயன்படுத்தும் போஷன் டிராக்கர் செயலியில் பழைய மையத்திலிருந்து புது மையத்துக்குப் பெயரை மாற்றச் சொன்னால் அங்கேயே கிடைக்கும். முகத்தைப் படம் பிடித்தும் ஓடிபி பார்த்தும்தான் இப்போது மாவு தருகிறார்கள் என்பதால், ஆதாரில் கணவரின் நம்பர் இருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

என் கணிப்பில் அங்கன்வாடியில் மாவைவிடப் பெரிய உதவி எடை மெஷின். நிறையத் தாய்மார்கள் மாவை வாங்கிக்கொண்டு எடை போடாமல் கிளம்பிவிடுகிறார்கள். மாதாமாதம் ஒரே மெஷினில் போடுங்கள். முள்ளோ எண்ணோ பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கொலுசு, வெள்ளி அரைஞாண், ஈர ஜட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இவை சேர்ந்து 100, 150 கிராம் பொய் சொல்லும். ஒரு வயதை நெருங்கும் குழந்தை ஒரு மாதத்தில் ஏறுவதே 200, 250 கிராம்தான். ஒரு வயதுக்குள் இரண்டு மாதம் தொடர்ந்து வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு ஏறாமல் கிடந்தால் பல் முளைக்கிறது, கண் பட்டுவிட்டது என்று தள்ளிப்போடாதீர்கள்.

6 மாதம் தாண்டிய குழந்தைக்கு இடது மேற்கையின் நடுவில் நாடா வைத்து அளக்கச் சொல்லுங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கி அழுத்தினால் குழி விழுந்தாலோ அது தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. அந்த நிலையில் சத்துமாவு போதாது, டாக்டர் பார்த்தாக வேண்டும்; காய்ச்சலோ சாப்பிட மறுப்பதோ சேர்ந்திருந்தால் அன்றைக்கே. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு இருந்தால், 2022-இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் பெட்டகம் தாய்க்குப் போகிறது, அந்த வயதில் குழந்தையின் சாப்பாடு தாய்ப்பால் மட்டும் என்பதால்.