காரை வடிவமைக்கிறவர்கள் மனித உயிருக்கு விலை போட்டுத்தான் கணக்குப் பார்க்கிறார்களா? அது நியாயமா?

போடுகிறார்கள். பின்னால் இடித்தால் பெற்றோல் தாங்கி தீப்பிடிக்கும் என்று பேர்போன, போர்ட் கம்பனியின் பிண்டோ காரின் கதையை எங்கோ வாசித்துக் கொதித்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1973இல் போர்ட் கம்பனி எழுதிய குறிப்பு அது: உயிருக்கு 2,00,000 டொலர், திருத்தத்துக்கு வாகனத்துக்கு 11 டொலர். திருத்தினால் மொத்தச் செலவு 13.7 கோடி டொலர், சாவும் காயமும் குறைவதால் வரும் பலன் 4.95 கோடி டொலர். ஆனால் அது வாகனம் கவிழ்ந்து உருளும்போது பெற்றோல் ஒழுகுவதைப் பற்றியது; எல்லாரும் சொல்கிற பின்பக்க மோதலைப் பற்றியது அல்ல. அந்த உயிர் விலையும் அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனத்திடமிருந்து எடுத்ததுதான். கம்பனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கொமென்ற்றில் அடிக்க வராதீர்கள்.

நான் கொழும்பில் இருந்தபடி நாலு வருடம் வெளிநாட்டுக் கார்களைக் கணினியில் மோதவிட்டவன். தகட்டை இலட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு செக்கனுக்குள் முடிகிற மோதலை இரவு முழுக்க ஓடவிடுவோம். காலையில் வந்து பார்த்தால் முன்சட்டம் மடியவேண்டிய இடத்தில் மடிந்திராது. 'பழைய கார்தான் இரும்பு' என்கிற மாமாமாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முன்பக்கம் நசுங்கினால்தான் உள்ளே இருக்கிறவர் தப்புவார்.

2022இல் அப்பா வெள்ளவத்தையில் ஒரு பஸ்ஸின் பின்னால் மோதினார். இரண்டு பஸ்கள் ஆள் ஏற்றப் போட்டிபோட்டு ஓடி, ஒன்று நடுவீதியில் நின்றுவிட்டது. பொலிசில் அப்பாவின் பிழை என்றே எழுதினார்கள். பின்னால் மோதினவன்தான் குற்றவாளியாம், பஸ்காரனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

எயார்பேக் இரண்டும் வெடித்தன. அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி மட்டும் போனது. காப்புறுதி மூன்றாந்தரப்பு மட்டும், எங்கள் காருக்கு ஒன்றும் வராது. அப்போது வாகன இறக்குமதித் தடை, டொலர் விலை; வேறு கார் வாங்கவும் முடியாது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஹாஃப் கட் ஒன்று, அதாவது பழைய காரின் வெட்டியெடுத்த முன்பாதி, தேடிப் பிடித்தோம், அதில் எயார்பேக் இல்லை. கராஜ்காரர் சொன்னார், "தம்பி, எயார்பேக் தனியா எடுத்தா மூண்டு இலட்சம் வரும். எயார்பேக் இருக்கெண்டு காரை ஏமாத்த ஒரு ரெசிஸ்டர் போட்டா எச்சரிக்கை லாம்பு அணைஞ்சிடும்."

அப்பா என்னைப் பார்த்தார். "நான் மெதுவாத்தானே ஓடுறனான்."

மணிக்கு 64 கிலோமீற்றரில் மோதினால் தலை எங்கே போய் அடிக்கும் என்று பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். தலையாட்டினேன். கையில் இருந்த காசு தங்கச்சியின் கம்பஸ் கட்டணத்துக்கு. இதை நான் எந்தக் குறிப்பிலும் எழுதிவைக்கவில்லை.

இப்போதும் சாவி திருப்பினால் லாம்பு எரிந்து ஒழுங்காக அணைகிறது. வெள்ளிக்கிழமையில் பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு அம்மா முன்சீற்றில்தான் போகிறா.